பல்லி சொன்ன வாக்கு

கரண்டு போனதும் வெளிய எட்டிப் பாத்து, பக்கத்து வீடும் இருட்டுன்னு தெரிஞ்சப்புறம்தான் நிம்மதியாவற ஆளுங்கதானே நீங்க? உக்காந்து கேளுங்க.

தணிகாசலம் வீட்டு ட்யூப்லைட்டுக்குப் பக்கத்துல ஒரு பல்லி குடியிருந்துச்சு. வெளிச்சத்துக்கு வர்ற பூச்சிதான் அதுக்குச் சாப்பாடு. அன்னிக்குச் சாயங்காலம் கரண்டு போச்சு. லைட்டு இல்ல, பூச்சியும் இல்ல. பல்லிக்கு வயிறு காந்துச்சு.

கொசு வந்து சீண்டுச்சு: "என்ன மாமா, இன்னிக்கு விரதமா? ஃபேன் ஓடல, எனக்குக் கல்யாண விருந்து!"

கீழ பாயை விரிச்சு, பொண்டாட்டி புள்ளைங்களோட கதையடிச்சிக்கிட்டிருந்தாரு தணிகாசலம். "இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு! இனிமே தினமும் பொழுது சாஞ்சா மெயினை அணைச்சிரலாமா?"ன்னாரு.

அந்த நேரம் பாத்து பல்லிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கொசுவைப் பாத்து "ச்சு ச்சு ச்சு"ன்னு கத்தித் தீத்துச்சு.

"பாருங்க, பல்லியே சொல்லிருச்சு!"ன்னு பொண்டாட்டி கன்னத்துல போட்டுக்கிட்டா. அப்புறம் மறுபேச்சு ஏது?

மறுநாள் தெருவெல்லாம் வெளிச்சம், தணிகாசலம் வீடு மட்டும் கும்மிருட்டு. கொசு சொந்தபந்தத்தையே கூட்டிட்டு வந்துருச்சு.

"யாரு மாமா இந்த ஏற்பாடு பண்ணது? மகராசனா இருக்கணும்!"

"நான்தான்டி,"ன்னுச்சு பல்லி.