நாற்பதுக்கு முட்டை

"முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டினா எவ்வளவு? நேத்துதானே சொல்லிக் குடுத்தேன்?"

"முந்நூத்தி அறுபது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மரமண்டையில எதுதாங்க ஏறும்?"

மரமண்டைக்குச் சொந்தக்காரன் அவள் கணவன். இருவருக்கும் ஒரே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அவன் லாரியில் பெட்டி ஏற்றுகிறான், அவள் பசை போட்டு ஒட்டுகிறாள்.

பசை நெடியில் அவளுக்கு இருமல் பிடித்து மாதக்கணக்காகிறது. உடனே அந்த இடத்தை விட்டு வரச் சொல்லிவிட்டார் டாக்டர். தொழிற்சாலையில் வைக்கிற கணக்குப் பரீட்சையை அவன் எழுதி சூப்பர்வைசர் ஆகிவிட்டால், தான் வேலையை விட்டு நின்றுவிடலாம் என்றிருந்தாள். விட மனசேயில்லை, ஆனால் வேறு வழி?

கணக்கு அவளுக்கும் வேப்பங்காய்தான். எட்டாவதில் அதில் கோட்டைவிட்டுத்தான் படிப்பையே நிறுத்தினாள். இப்போது புருஷனுக்குச் சொல்லித்தர ஆளில்லாமல், பின்னம், பரப்பளவு, சமன்பாடு என்று எல்லாவற்றையும் தானே முட்டி மோதிப் படித்தாள்.

அவனோ எதற்கெடுத்தாலும், "புரியலையே, இன்னொரு தடவை சொல்லேன்" என்பான். எக்ஸின் மதிப்பு ஆறு என்று அவள் முடித்த அன்றும் அதையேதான் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டால், நாலு என்று வந்தது.

"உங்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே குழம்புது!" அதற்கும் திட்டு அவனுக்குத்தான்.

பரீட்சை நெருங்கியதும், "தனியாப் போக பயமா இருக்கு, துணைக்கு நீயும் எழுதேன்" என்று கெஞ்சினான். தொலையட்டும் என்று அவளும் எழுதினாள். சரியா, தவறா என்று டிக் அடிக்கிற நாற்பது கேள்விகள். அவன் ஒன்று விடாமல் டிக் அடித்ததைப் பக்கத்து மேஜையிலிருந்து அவளே பார்த்தாள்.

முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அவள் முப்பத்தாறு வாங்கி முதலிடம், பசை நெடி எட்டாத சூப்பர்வைசர் வேலையும் அவளுக்கே. அவனுக்கு முட்டை.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள். கிடைத்த வேலையை நினைத்துச் சந்தோஷப்படக்கூட விடவில்லை ஆத்திரம்.

"தொண்டை கிழியக் கத்தினேனே! லோடிங்ல அத்தனை பேரும் சிரிக்கிறாங்க. ஒண்ணுகூடவாங்க தேறலை? கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சிருந்தாலே பாதி சரியா வந்திரு..."

சட்டென்று நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலே இருபது வரும். நாற்பதையும் தப்பாகப் போட வேண்டுமென்றால், நாற்பதுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டுமே.

"ஏங்க..."

பசை காய்ந்து விறைத்துப் போயிருந்த அவளுடைய வேலைச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து, சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டான் அவன்.

"எனக்குக் கணக்கு வந்திருந்தா, நீ படிச்சிருப்பியா?"