முதலில் நாலாம் அங்கம்

செவ்வாய்க்கிழமை செத்துப்போன பிள்ளை, வெள்ளிக்கிழமை காலையில் அவள் எதிரே நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

அவனை அவள் அறைய வேண்டும்.

கை எழவில்லை.

முதல் தடவை, ஓங்கிய கை அவன் காதருகே போய் முடியை ஒதுக்கிவிட்டு வந்தது. இரண்டாவது தடவை வசனம் மறந்தது. மூன்றாவது தடவை சும்மா நின்றாள். டைரக்டர் வெங்கோப ராவ் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறிகளையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். விளக்குச் சூட்டில் அவள் மேக்கப் கோடுகோடாக இறங்கியது.

என்ன இழவு இது, அவளுக்கே புரியவில்லை.

இதே கதையைக் கன்னட நாடகமாக இருநூறு தடவைக்கு மேல் ஆடியவள் அவள். கதகில், ஹூப்ளியில், தாவணகெரேயில், கொட்டகை கொள்ளாத கூட்டத்துக்கு முன்னால். மீசை மழித்த ஆண்களே புடவை கட்டி ஆடிக்கொண்டிருந்த கம்பெனியில் முதன்முதலாக மேடையேறிய பெண். எதற்கும் கை நடுங்கினவள் இல்லை.

இரண்டாம் அங்கத்தில் மகன் நாகுவைக் கன்னத்தில் அறைவாள். அவன் கோபித்துக்கொண்டு ஓடுவான். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். நாலாம் அங்கத்தில் அவனைக் குளத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அறைந்ததற்காகத்தான் அவள் அழுவாள். கொட்டகையும் சேர்ந்து அழும்.

முதலில் அடி, பிறகு சாவு. அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

இங்கே மதராஸ் ஸ்டுடியோவில் எல்லாம் தலைகீழ். குளத்து செட்டைப் பிரித்து வேறு படத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். அதனால் முதல் நாளே பையன் செத்தான். ஒரு மணி நேரம் கொடுங்கள், ஒரு மூலையில் முன்கதையை ஆடிவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்டதற்குச் சிரித்தார்கள். ஈரத் துணியோடு அவனை அவள் மடியில் கிடத்தினார்கள்.

அழுதாள். கிளிசரின் பாட்டிலைத் தொடவில்லை. லைட்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள். எதை நினைத்து அழுதாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இன்னும் அடிக்காத அடியை நினைத்து அழுதாள்.

சரி, இன்று அந்த அடி.

அடித்தால் ஓடிப்போய்க் குளத்தில் விழுவான். பார்த்தாயிற்றே.

மேடையில் மட்டும் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாதுதான். இரண்டாம் அங்கத்தில் நிற்கிறவளுக்கு நாலாம் அங்கம் தெரியாது. இருநூறு தடவையும் தெரிந்ததில்லை.

வெங்கோப ராவ் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார். அறைந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், தான் சொல்லும்வரை வாசல் பக்கம் பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே என்றார். திரும்பினால் ஷாட் போச்சு என்றார். படமுதலாளி பம்பாயிலிருந்து இன்னொரு நடிகையை வரவழைத்து லாட்ஜில் தங்கவைத்திருப்பதையும், சொல்ல மனமில்லாதவர் போலச் சொன்னார். இதுதான் கடைசித் தடவையாம்.

சினிமாவுக்குப் போனால் மறுபடி இந்தப் படியை மிதிக்காதே என்று சொல்லித்தான் நாடகக் கம்பெனியில் அவளை அனுப்பியிருந்தார்கள். இதுவும் போனால் அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை.

அடிக்காமல் விட்டால் செவ்வாய்க்கிழமை அழுதது பொய். அடித்தால் இந்தப் பிள்ளையை அவளே அனுப்பிவைத்த மாதிரி. எது சரி என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பையன் உள்ளங்கையிலிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டு, அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். ஏழு வயதிருக்கும்.

"அடிச்சிடுங்கம்மா, வலிக்காது. நீங்க அடிச்சாத்தானே நான் கோவிச்சுக்கிட்டுப் போக முடியும்?"

சமாதானம் சொல்கிறானாம். பாவிப் பயலே என்று அவள் மனசுக்குள் திட்டினாள்.

மணி அடித்தது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

அறைந்தாள்.

மேடையில் அறைகிற மாதிரி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. பையன் கன்னத்தைப் பொத்திக்கொண்டான். உதடு பிதுங்கியது. நடிக்கிறானா, நிஜமாகவே வலிக்கிறதா, தெரியவில்லை. எங்கே தொலைய வேண்டுமோ தொலை என்று வசனத்தைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னால் சின்னக் கால்கள் ஓடின.

இன்னும் நாலு எண்ணினால் போதும். வெங்கோப ராவ் சொல்லிவிடுவார். பம்பாய்க்காரி ரயிலேறிவிடுவாள்.

ஒன்று.

இரண்டு.

கால் சத்தம் நின்றது. வாசலைத் தாண்டிவிட்டான்.

அவள் திரும்பினாள்.

யாரோ ஐயோ என்றார்கள். வெங்கோப ராவ் தொப்பியைத் தரையில் அடித்தார். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஒயர்களைத் தாண்டி, அட்டைச் சுவரைத் தாண்டி, வெறுங்காலோடு வெளியே ஓடினாள்.

வெயிலில் கண் கூசியது. வேறு படத்துக்கு வந்த கூட்டம், முனிவர்களும் போலீஸ்காரர்களுமாக, மரத்தடியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பையனைக் காணோம்.

கூப்பிட வாயைத் திறந்தாள். நாகு என்று வந்தது. பாதியிலேயே விழுங்கிவிட்டாள். அது குளத்தில் போனவன் பெயர்.

இந்தப் பையனுக்கு என்ன பெயர் என்று அவள் கேட்டதே இல்லை.