வெறும் தூக்குவாளி

கிராமத்து மாதர் சங்கம் நடத்திய கண் சிகிச்சை முகாமில் உதவ, கடல் தாண்டி ஒரு வெள்ளைக்காரம்மா வந்திருந்தாள். சங்கத் தலைவி வேலம்மாள் அவளுக்கு ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரம் அனுப்பினாள்.

அந்தம்மா ருசித்துத் தின்றாள். வாளியைப் பளபளவென்று கழுவி, திருப்பி அனுப்ப எடுத்து வைத்தாள். வாளி கைப்பிடியை லொட்டென்று தட்டிக்கொண்டது.

"என்னக்கா ஆச்சு?" என்றது அந்தம்மாவோடு வந்த பீங்கான் கோப்பை.

"எங்க ஊர்ல பாத்திரத்த வெறுசாத் திருப்ப மாட்டாங்க. வேலம்மா மனசு விட்டுப் போயிரும்."

"எங்க ஊர்ல கழுவித் தர்றதுதான் மரியாதை!"

"அத அவகிட்ட யாரு சொல்றது?"

கோப்பை கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரே துள்ளலில் வாளிக்குள் குதித்தது.

வாளி வீடு வந்ததும் வேலம்மாள் மூடியைத் திறந்தாள். "அடியே, அவ கோப்பையவே குடுத்துவிட்டிருக்காடி!" என்று சங்கத்துப் பெண்களிடம் பூரித்துப்போனாள். வாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாவம், இது இல்லாம எதுல காப்பி குடிப்பா? ஊறுகாய் போட்டுத் திருப்பிக் குடுப்போம்" என்றாள் வேலம்மாள்.

கழுத்துவரை ஊறுகாயோடு கோப்பை மறுபடி வாளிக்குள் ஏறியது.

"இது எப்பதான்க்கா முடியும்?"

"யாராச்சும் வெறுசா அனுப்புனா" என்றது வாளி.