பகல் பங்கு

கல்யாணமானதிலிருந்து சேர்த்த காசுக்குக் கோமளாவுக்கும் பரிதிக்கும் அம்பத்தூரில் ஒரு வீட்டின் பகல்தான் கிடைத்தது. இரவு ஜெபசீலியின் குடும்பத்துக்குச் சொந்தம். இருவருக்கும் இரவு வேலை என்பதால் பகலே போதும்.

ஆனால் பால் காய்ச்ச நல்ல நேரம் விடியற்காலையில் அமைந்துவிட்டது. அது ஜெபசீலியின் நேரம். கேட்கக் கூச்சப்பட்டு நின்ற கோமளாவிடம் அவளே சொன்னாள்:

“இதுக்கென்ன கண்ணு, நாங்க எழுந்து வெளிய நிக்கிறோம். நீங்க நல்லபடியா காய்ச்சுங்க.”

அன்று தூங்கி வழியும் பிள்ளைகளோடு ஜெபசீலி மாடிப்படியில் காத்திருந்தாள். உள்ளே பால் பொங்கியது. கண் கலங்க, முதல் டம்ளரோடு கோமளா வாசலுக்கு ஓடி வந்தாள்.

“உள்ள வாங்கக்கா. உங்க வீடா நெனச்சுக்கோங்க.”

“நெனச்சுக்கிறேன்” என்று சிரித்தபடி செருப்பைக் கழற்றினாள் ஜெபசீலி.