காலி டப்பா

நேற்று கழுவிப் பக்கத்து வீட்டு மதில்மேல் வைத்த ஐஸ்கிரீம் டப்பா, இன்று காலை மறுபடி ரோஸ்லினின் அடுப்பு மேடையில் இருந்தது.

"நீயா எடுத்தாந்து வெச்ச?" என்றாள், ஹார்பருக்குக் கிளம்பிய கணவன் மேத்யூவிடம்.

"நான் தொடல. ஜன்னத் அக்கா நோம்புக் கஞ்சி குடுத்த டப்பாதானே? அந்த அக்கா எந்த டப்பாவயும் தூக்கிப் போடாது, காலியாவும் திருப்பித் தராது. நீ காலியா வெச்சா எப்டி வாங்கும்?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ரோஸ்லின் டப்பா நிறையச் சர்க்கரை கொட்டி மதில்மேல் வைத்தாள்.

மறுநாள் டப்பா திரும்பி வரவில்லை. நிம்மதியோடு மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். துவைக்கிற கல்லின்மேல் அது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னத்தை அடக்கம் செய்த அன்று அவள் மகன் போட்ட பூட்டு, அந்த வீட்டுக் கதவில் அப்படியே தொங்கியது.