மஸ்கட்டில் நாலு நாள்

“அந்தக் கண்ணாடி ஒடைஞ்ச சமாச்சாரம் மட்டும் வெளிய வரக்கூடாது, சொல்லிட்டேன்” என்றார் காசிநாதன், ஏணி மேல் நின்று ஃப்ளெக்ஸ் பேனரின் கடைசிக் கயிற்றை முடிந்தபடி.

“நான் யாருகிட்டங்க சொல்லப்போறேன்? நீங்க மொதல்ல கீழ எறங்குங்க” என்றாள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சுமதி.

பெரம்பலூர் பாலக்கரையில் இருபது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் காசிநாதன். போன மாதம் இருவரும் மகளைப் பார்க்க மஸ்கட் போயிருந்தார்கள். மகளுக்கு லீவு கிடைக்காததால், நாலு நாள் ஊர் சுற்ற ஒரு கார் வாடகைக்கு எடுத்தார்கள். தனக்கும், சும்மா இருக்கட்டுமென்று சுமதிக்கும் இங்கேயே எடுத்துப்போன இன்டர்நேஷனல் பெர்மிட்டைக் காட்டியதும், கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

வாடகைக் கம்பெனியின் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே காசிநாதன் வண்டியைத் தூணில் உரசினார். பக்கக் கண்ணாடி நொறுங்கிப்போனது. வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை வெளியே வந்து பார்த்தார்கள். “நீங்க என்ன வேலை பண்றீங்க?” என்று அந்த மலையாளி மேனேஜர் தமிழில் கேட்டபோது, விவசாயம் என்று சொல்லிவைத்தார். அதை நினைத்தால் இப்போதும் அவருக்குக் காது சுடும்.

பேனரில் அதெல்லாம் தெரியாது. வலப்பக்க முன் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்தார் காசிநாதன். உடைந்த கண்ணாடி இருந்த இடத்தை ஸ்கூல் போன் நம்பர் மறைத்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில், ‘ஓமன் ரோட்டையே பார்த்தவர்! நம்ம ஊர் ரோடு எம்மாத்திரம்!’

ஒரே வாரத்தில் ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். டீக்கடையில் “வாங்க ஓமன்!” என்று பெஞ்சில் இடம் விட்டார்கள். அரியலூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் நண்பர் போன் செய்து, தன் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் காசிநாதன் தரையைப் பார்த்தார்.

“மனுசனுக்கு எம்புட்டு அடக்கம் பாரு” என்றது ஊர்.

எட்டாம் நாள் காலை பூலாம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள் வெற்றிச்செல்வி. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள்.

“பேனரப் பாத்துட்டுத்தான் வந்தேன் சார். இங்க ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கு. ரெண்டு மாசத்துல மஸ்கட் போறேன். வூட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. புள்ளைய நான்தான் கார்ல ஸ்கூலுக்குக் கொண்டுபோயி விடணுமாம். அந்த ஊரு ரோட்டப் பத்தி மட்டும் சொல்லிக்குடுங்க.”

“அதுக்கென்னம்மா, சொல்லிட்டாப் போச்சு” என்றார் காசிநாதன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் நோட்டைப் பிரித்தாள். “அங்க ரவுண்டானா நெறயவாம். உள்ள நுழையிறப்ப எந்தப் பக்கம் பாக்கணும் சார்?”

இருபது வருடப் பழக்கம் பதில் சொன்னது. “வலது பக்கம். அங்கேருந்து வர்றவனுக்கு வழி விட்டுட்டுத்தான் நுழையணும்.”

வெற்றிச்செல்வி ‘வலது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

“இடது பக்கம்மா” என்றாள் சுமதி. பக்கத்து மேஜையில் எல்.எல்.ஆர். ஃபாரங்களில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. “அங்க ஸ்டீரிங் இடது பக்கம், எல்லா வண்டியும் ரோட்டுக்கு வலப்பக்கமாப் போகும். ரவுண்டானாவுல இடது பக்கமிருந்துதான் நம்ம மேல வருவான்.”

“நீ ஒட்டுற வேலையப் பாரு” என்று காசிநாதன் சீறினார். “ரோட்டப் பத்தி உனக்கென்ன தெரியும்?”

சுமதி பசை டப்பாவைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். தினமும் ஸ்கூல் காரை ஷெட்டிலிருந்து எடுத்துவந்து வாசலில் நிறுத்துவது அவள்தான். அதற்கு மேல் காசிநாதன் விட்டதில்லை. பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம், “அரியலூர் ரோட்டுல சிமெண்ட் லாரி எதுக்க வந்தா கண்ண மூடிக்குவ” என்று சிரித்திருக்கிறார்.

வெற்றிச்செல்விக்குச் சங்கடமாகிவிட்டது. “அக்கா ஏதோ தெரியாம சொல்லிட்டாங்க, விடுங்க சார். ஓட்டுனவரு நீங்க. நீங்க சொன்னதையே வெச்சுக்கறேன். பின்னாடி சீட்டுல புள்ள இருக்கும், அதான் ஒண்ணொண்ணா கேக்குறேன்.”

காசிநாதன் நோட்டைப் பார்த்தார். இரண்டு கோடுகளும் அழுத்தமாக இருந்தன. சுமதியின் பசை விரல் பாதியில் நின்றிருந்தது.

“அத அடிச்சிடும்மா” என்றார்.

“எத சார்?”

“வலதுன்னு எழுதியிருக்கியே, அத. சுமதி சொன்னதுதான் சரி.”

வெற்றிச்செல்வி குழப்பத்தோடு பேனரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காசிநாதன் எழுந்தார். ஆணியில் தொங்கிய ஸ்கூல் கார் சாவியை எடுத்து, சுமதியின் மேஜையில் வைத்தார். இரண்டு பேரின் முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை.

“அந்தப் படத்துல நான் உக்காந்திருக்கறது டிரைவர் சீட்டு இல்லம்மா.”