தீப்பெட்டி நுழையாத அறை

"உள்ளே போனா இருட்டு. இருட்டா இருக்கேன்னு தீப்பெட்டி கொண்டுபோனா உதை. அது என்ன? சொல்லு பாப்பா!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"தோத்துட்டீங்களா? இந்த வெடிமருந்து அறைதான்!" காவல்காரர் முக்காலியிலிருந்து எழுந்து, பின்னால் இருந்த கல் வாசலைக் காட்டினார்.

அந்தத் தீவுக் கோட்டையில் முழுசாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். பீரங்கிகளை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவை சுழன்ற இரும்பு வளையங்கள் மட்டும் கடலைப் பார்த்துத் துருப்பிடித்துக் கிடந்தன.

"ஒவ்வொருத்தரா போங்க. உள்ளே திரும்பினதும் சுவர்ல ஒரு மாடம் கைக்குத் தட்டுப்படும். பையில இருக்கிறதை எல்லாம் அதுல வெச்சுட்டு வாங்க. அப்புறம் அறையைக் காட்டறேன்."

"எதுக்கு?" அப்பாவின் குரல் ஏறியது.

"பொறி பட்டா வெடிச்சிடும் சார்."

"மருந்து எங்கே இருக்கு?"

"அது போய் நூறு வருஷம் இருக்கும்."

"அப்புறம் எது வெடிக்கும்?"

"மருந்தை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, எடுத்தாங்க. சட்டத்தை எடுக்கச் சொல்லி இன்னும் வரலையே சார்."

அப்பா கொதித்தார். மனிதனுக்கு மூளை எதற்கு என்றார். ஊர் உருப்படாததற்கு இதுதான் காரணம் என்றார்.

உண்மையான காரணம் அவருடைய கால்சட்டைப் பையில் இருந்தது. லைட்டர்.

விடுமுறை முடியும்வரை அப்பா சிகரெட்டைத் தொடக் கூடாது, மகள் மிட்டாயைத் தொடக் கூடாது, அம்மா போனைத் தொடக் கூடாது. அம்மா போட்ட ஒப்பந்தம். மீறுகிறவர் பள்ளி திறக்கும்வரை வீட்டுப் பாத்திரம் முழுவதையும் தேய்க்க வேண்டும்.

"ஏங்க, நீங்கதான் சிகரெட்டை விட்டாச்சே! எதுக்கு இந்தக் குதி குதிக்கறீங்க?" என்றாள் அம்மா.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு."

"எந்தப் பையில இருக்கு? வலதா, இடதா?"

அப்பா கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"நானே முதல்ல போறேன். என்கிட்ட ஒண்ணும் இல்லை. ஆனாலும் சட்டம்னா சட்டம்." அம்மா போய், கையை வீசிக்கொண்டு வந்தாள்.

அடுத்து அப்பா, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி போனார். வரும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன, கொள்கையை வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. நல்ல சட்டம். ரொம்ப நல்ல சட்டம்!"

அம்மாவின் முகம் ஏனோ வாடியது.

கடைசியாக மகள், கவுன் பையைப் பொத்திக்கொண்டு போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று.

பிறகு மூவரும் காவல்காரரோடு உள்ளே போய் அறையைப் பார்த்தார்கள். இருட்டு இருந்தது. பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள்.

"படகு கிளம்பப் போகுது. மாடத்துல வெச்சதை எடுத்துக்குங்க," என்றார் காவல்காரர்.

"எனக்கு எடுக்க ஒண்ணும் இல்லை," என்றாள் அம்மா.

"எனக்கும் இல்லை," என்றார் அப்பா.

"அப்போ மாடம் காலியா? பாப்பா, நீ ஒரு எட்டுப் பார்த்துட்டு வா. காலின்னா காலின்னு சொல்லு, நான் பூட்டிடறேன்."

"அவ எதுக்கு?" அன்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அதற்குள் மகள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்தவள், தன் மிட்டாய்ப் பொட்டலத்தை முதலில் முக்காலிமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் அப்பாவின் லைட்டரை வைத்தாள். அதன் பக்கத்தில் அம்மாவின் போனை வைத்தாள்.